மண்ணில்லாச் செவ்வந்தியும் மூன்று வீசை பேதி உப்பும்

செவ்வந்தியின் அடி இலைகள் மஞ்சளானதைப் பெத்துராஜ் வாத்தியார் முதல் மூன்று நாள் ஒப்புக்கொள்ளவே இல்லை. வெயிலில் அப்படித் தெரிகிறது என்றார். நான்காம் நாள் நிழலிலும் அப்படித்தான் தெரிந்தது.

சயின்ஸ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா இருக்க முடியாமல், சிமெண்டுத் தொட்டியில் சரளைக்கல்லை நிரப்பி, உரம் கரைத்த தண்ணீரை ஊற்றிச் செடி நட்டு, ‘மண்ணே இல்லாமல் மலர்’ என்று ஊருக்கே நோட்டீஸ் அடித்துக் கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் கலெக்டரே பார்க்க வருவதாக ஏற்பாடு. அன்றைக்குப் பூக்காவிட்டால் மீசையை எடுத்துவிடுவதாக நாட்டு மருந்துக் கடை மருதப்பனிடம் பந்தயமும் கட்டியாயிற்று. முப்பது வருஷம் பிள்ளைகளை நடுங்க வைத்த மீசை அது.

“காம்போட வெட்டிச் சாடியில வைக்கத்தானாம். தலையில வைக்கப்படாதாம்” என்று அவர் மனைவி தங்கத்தாய் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள். அவரிடம் மட்டும், கொஞ்சம் மண் போட்டால்தான் என்ன என்று கேட்டுப் பார்த்தாள்.

“ஏட்டி, மண்ணுங்கிற பேச்சே இந்த வீட்டுல எடுக்கப்படாது.”

மஞ்சள் என்றால் தழைச்சத்துக் குறைவு. அம்மோனியம் சல்பேட்டை ஒரு கரண்டிக்கு மூன்று கரண்டியாகப் போட்டார். இலை நுனி கருகியது. அப்படியானால் இரும்புச்சத்துதான் என்று, வீட்டில் துருப்பிடித்த ஆணி ஒன்று விடாமல் பிடுங்கித் தொட்டியில் போட்டார். இலைகள் சுருண்டன. அன்று மத்தியானம் அவர் உட்கார்ந்த நாற்காலியும் சரிந்தது. கடைசியில் மக்னீசியம் என்று முடிவாகி, அது பேதி உப்பில்தான் இருக்கிறது என்று மருதப்பன் கடையில் மூன்று வீசை பேதி உப்புக் கேட்டார்.

மருதப்பன் தராசைத் தொடவில்லை. “எத்தனை நாளாச்சு அய்யா?”

“செடிக்குவே.”

“சரி, செடிக்கே இருக்கட்டும். ஆனா மூணு வீசையையும் ஒரே நாள்ல குடிச்சிராதீக.”

சாயங்காலத்துக்குள் வாத்தியாரின் வயிற்றைப் பற்றி ஊரே கவலைப்பட்டது. இரண்டு பேர் விளக்கெண்ணெயோடு வந்து விசாரித்தார்கள். உப்பு முழுவதையும் கரைத்துவிட்ட மறுநாள், செடிகள் மொட்டும் தாங்க முடியாமல் தலையைத் தொங்கப் போட்டன.

விவசாய ஆபீசில் கேட்டு வருவதாகச் சொல்லித் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறியவர், தங்கை வீட்டில் மீசையைத் தடவிக்கொண்டே இருபது நாள் கிடந்தார். கலெக்டர் வருகைக்கு முதல் நாள் திரும்பி வந்தால், தொட்டி நிறையச் செவ்வந்தி. காம்புகள் அவருடைய பழைய பிரம்பு மாதிரி விறைத்து நின்றன.

“பாத்தியா பேதி உப்பை? மெதுவாத்தான் கேக்கும்” என்றார். தங்கத்தாய் காப்பி போடப் போனாள்.

கலெக்டர் வந்தார். வாத்தியார் மக்னீசியத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். கூட வந்து நின்று கால் கடுத்த கலெக்டரின் டவாலிச் சேவகன் பிச்சையாவைத் தங்கத்தாய் பின்கட்டுக்குக் கூப்பிட்டு மோர் கொடுத்தாள். பந்தயத்தில் தோற்றதை மருதப்பன் எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார். கலெக்டர் தம் பங்களாவிலும் அதேபோல ஒரு தொட்டி வைத்துக்கொண்டார்.

மறு மாதம் பிச்சையா வந்தபோது வாத்தியார் மருதப்பன் கடையில்தான் இருந்தார். பங்களாச் செடி வாடுகிறதாம், துரை மருந்து வாங்கி வரச் சொன்னாராம். மருதப்பன் பார்க்கும்படியாக மீசையை முறுக்கிவிட்டு, சத்துகளின் அளவை நான்கு தாளில் எழுதி நீட்டினார் வாத்தியார்.

பிச்சையா தாளை வாங்கவில்லை.

“அது கிடக்கட்டும் அய்யா. உங்க உப்புத் தண்ணியப் பூராவும் தொறந்துவிட்டுட்டு, நித்தம் கரைச்சு ஊத்துனதா அம்மா சொன்னாகளே, கோமதியம்மன் கோயில் புத்துமண்ணு, அதுல ரெண்டு உருண்டை போதுமாம்.”