கை நனைத்த அன்று வாய்ப்புண்

வாய்ப்புண் வந்தவனை இந்த உலகம் நோயாளியாகவே மதிப்பதில்லை. காலில் கட்டுப் போட்டிருந்தால் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். உதட்டுக்குள் புண் என்றால், "சூடுபா, எண்ணெ தேச்சிக் குளி" என்று நகர்ந்துவிடுவார்கள். என் அம்மா அந்தக் கட்சியின் தலைவி. மாதம் தவறாமல் எனக்குப் புண் வரும். அவரும் மாதம் தவறாமல் என் தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பார்.

அப்போது பட்டுச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் கறி, மீன் கிடையாது. பால், தயிர் எனக்கு ஆகாது. நாள் முழுக்கப் பிளாக் டீதான் (வெளிறிப்போன முகத்தைக் கலர் என்று நம்பிக்கொண்டிருந்த காலம்).

கவிதாவைப் பெண் பார்க்கச் சின்ன காஞ்சிபுரம் போன அன்று நாக்கில் இரண்டு புண், உதட்டில் ஒன்று. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்தே எனக்கு இவள்தான் என்றிருந்தது. நேரில் பார்த்தபோது "வணக்கம்" சொல்லக்கூட வாய் வரவில்லை.

அம்மாவுக்கும் பெண்ணைப் பிடித்துவிட்டது. "கை நனச்சிட்டே போறோம்" என்றார். எங்கள் பக்கம் பெண் வீட்டில் சாப்பிட்டால் சம்மதம். தட்டை ஒதுக்கினால் வேண்டாம் என்று அர்த்தம். வந்தது எங்கள் ஊர் காஞ்சிபுரம் இட்லி. மிளகும் சுக்கும் தாராளமாகத் தட்டிப் போட்டது. மேலே காரப்பொடி வேறு.

ஒதுக்கினால் கவிதா போச்சு. ஒரு விள்ளல் வைத்தேன். கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. விடாமல் அடுத்த விள்ளலையும் வைத்தேன். பக்கத்து அறையில் தறிச் சத்தம்கூட நின்றுவிட்டது.

"தம்பி, புடிக்கலன்னா சொல்லிடுங்க. அதுக்கு ஏன் அழுதுக்கினே சாப்பிடுறீங்க?" என்றார் கவிதாவின் அப்பா.

"சந்தோஷத்துல அழுவுறாங்க" என்றார் அம்மா.

நான் வேகமாகத் தலையாட்டி மறுத்தேன். எதை மறுக்கிறேன் என்று யாருக்கும் புரியவில்லை.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் கவிதா, காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

"வாயத் தொறங்க."

திறந்தேன். போன் டார்ச்சை அடித்தாள். பின்னாலேயே மொத்தக் குடும்பமும் எட்டிப் பார்த்தது.

"அடிக்கடி வருதா?" தலையாட்டினேன். "அத்தை, இத சூடுன்னு சும்மா வுடக் கூடாது. டாக்டரைப் பார்த்து ரத்தம் டெஸ்ட் பண்ணணும்."

அவள் முதன்முதலாக என் கையைப் பிடித்தது அந்தப் பரிசோதனை நிலையத்தில், நரம்பு தேடித்தான் (ஊசியைப் பார்த்து நான் மயங்கியதை இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை, நல்லவள்). பி12, இரும்புச்சத்து இரண்டும் தரைமட்டம். டாக்டர் ஊசியும் மாத்திரையும் எழுதி, சாப்பாட்டோடு டீ குடிப்பதை நிறுத்தச் சொன்னார். புண் மெல்ல மெல்லக் குறைந்தது. "ரத்தந்தான் கம்மி, பையன் தங்கம்" என்று மாமனார் தேதி குறித்தார்.

இன்றும் எங்கள் வீட்டில் யார் கண் கலங்கினாலும், "சந்தோஷத்துல அழுவுறாங்க" என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. மகள் பிறந்த அன்று குழந்தையைக் கையில் வாங்கினேன். நிஜமாகவே சந்தோஷத்தில் அழுதேன். கட்டிலில் களைத்துக் கிடந்த கவிதா தலையை மட்டும் திருப்பினாள்.

"எங்க, வாயத் தொறங்க, பார்ப்போம்."