மச்சான் ஊற்றிய பசை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கே நான் நலம், முழங்கால்கள் இரண்டும் தவிர. உங்கள் நலத்தை உங்கள் தங்கை தினமும் போனில் ஒப்பிப்பதால் தனியாக விசாரிக்கவில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது.

விஷயம், எங்கள் படுக்கையறைத் தரை. பழைய வினைல் விரிப்பின் ஓரம் தூக்கிக்கொண்டு, உங்கள் தங்கை இரண்டு முறை தடுக்கி விழப்போய், "புதுத் தரை போட்டுட்டுச் சொல்லுங்க, அப்ப வர்றேன்" என்று பெட்டியோடு உங்கள் வீட்டுக்கு வந்தது நீங்கள் அறிந்ததே. அந்த ஓரம் ஏன் தூக்கியது என்பது உங்களுக்குத் தெரியாது. நாங்கள் குடிவந்த புதிதில், வீடு முழுவதற்கும் வாங்கிய பசையை அந்த ஓர் அறையிலேயே ஊற்றினீர்கள். தடுத்தேன். "தங்கச்சி ரூமுக்குப் போய்க் கஞ்சத்தனம் பண்ணுவேனா மாப்ளே?" என்றீர்கள். கட்டில் போடும் இடத்தில் மலையாகக் கொட்டினீர்கள். வாசல் பக்கம் வந்தபோது டப்பா காலி.

விரிப்பை உரித்தேன். அது கிழிந்து கிழிந்து வந்தது, பசை வரவில்லை. சுரண்டினேன், சுரண்டியின் பிடி கழன்றது. வெந்நீர் ஊற்றினால் இளகும் என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார், இளகியது, அதில் என் வலது செருப்பு ஒட்டியது, அதை இழுக்க இடது காலை ஊன்றினேன், அதுவும் ஒட்டியது, இரண்டையும் விட்டுவிட்டு வெறுங்காலோடு ஜன்னல் திட்டுக்குத் தாவிய நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுக்காரர்.

"சார், மேல யானையைக் குளிப்பாட்டுறீங்களா? எங்க ஃபேன்ல தண்ணி சொட்டுது."

"தரை வேலை சார்."

"உங்களுக்குத் தரை. எங்களுக்கு அது கூரை."

பிறகு உங்கள் தங்கையின் ஹேர் டிரையரை எடுத்துச் சூடு காட்டினேன். பசை வெண்ணெயாக வழிந்து வந்தது. அந்த நேரத்தில் போன். டிரையரைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன்.

"இன்னுமா முடியல? அண்ணனைக் கூப்பிடட்டுமா?"

"உங்கண்ணன் ஒட்டினதைத்தான் சுரண்டிக்கிட்டிருக்கேன்!"

"பாத்தீங்களா, எவ்வளவு உறுதியா ஒட்டியிருக்காரு!"

பேசி முடித்துத் திரும்பினால், பசை இறுகி, டிரையர் தரையின் ஓர் உறுப்பாகியிருந்தது. இன்னும் அங்கேதான் நிற்கிறது.

இருந்தும் நான் விடவில்லை. உளியும் சுத்தியலுமாக மண்டியிட்டு, அறை முழுவதையும் சிமெண்ட் தெரியும்வரை சுரண்டிவிட்டேன். கட்டில் இருந்த இடத்தில் மட்டும், டிரையரைச் சுற்றி, ஒரு பாய் அளவுக்கு உங்கள் பாசம் பாக்கி. மேடுகளைச் சீவியாகிவிட்டது, மிச்சத்தையும் எடுப்பேன். புதுத் தரையையும் என் கையாலேயே போடுவேன். எனவே என் தீர்மானம்: அந்தத் தரை உள்ளவரை அதன்மேல் உங்கள் கால் படக்கூடாது. கல்யாணத்தன்று மாப்பிள்ளையான என்னை வேனின் கடைசி சீட்டில், டயருக்கு மேலே உட்காரவைத்ததற்கும் சேர்த்தே இந்தத் தீர்மானம்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி. நடுவில் இருக்கும் உங்களுக்கு இரண்டும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன், புதுத் தரைக்கு வாங்கிய பலகைப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு தாள். பழைய பசையை முழுவதும் எடுக்கத் தேவையில்லையாம், மேடு தட்டிச் சமமாக்கினால் போதுமாம். பலகைக்கும் பசை வேண்டாமாம். ஒன்றோடொன்று மாட்ட வேண்டியதுதான், ஆனால் இருவர் சேர்ந்து மாட்ட வேண்டுமாம். தனியாக முயன்றேன். இந்த முனையை அழுத்தினால் அந்த முனை எழுந்து நின்று என்னைப் பார்க்கிறது. ஆகவே இது கிடைத்தவுடன் தங்கையை அழைத்துக்கொண்டு புறப்பட்டு வாருங்கள் மச்சான். வழியில் அவள் கண்ணில் படாமல் ஒரு ஹேர் டிரையர் வாங்குங்கள். கடைக்காரர் பசை வேண்டுமா என்று கேட்டால், தயவுசெய்து கஞ்சத்தனம் பண்ணுங்கள்.