தொண்ணூற்றொன்பதாம் பேட்ச்

"அப்புறம், நீங்க எந்த பேட்ச்?"

பாங் மேனேஜர் சூப்பை உறிஞ்சிக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார். பியோ மன்சூவுக்குத் தொண்டையில் கிம்ச்சி நின்றுவிட்டது.

கொரியாவின் சோங்ஜு நகரத்தில் புது ஆளிடம் முதலில் பெயரைக் கேட்பார்கள், அடுத்து காலேஜில் சேர்ந்த வருடத்தை. யார் யாருக்குக் குனிவது, யார் யாருக்கு மது ஊற்றுவது என்பதெல்லாம் அதை வைத்துத்தான். மன்சூ காலேஜ் வாசலை மிதித்தது கோழி டெலிவரிக்கு மட்டும்.

இந்த நாட்டில் எல்லோரும் படித்து, வேலைக்குப் போய், வேலை போய், கடைசியில் கோழிக்கடை வைப்பார்கள். மன்சூ படிக்காமல் நேராகக் கோழிக்கடையிலேயே ஆரம்பித்துவிட்டான். எண்ணெய்ச் சட்டி முன்னால் வெந்தது போதும் என்று, மாவுக் கையோடு கணக்குப் பாடம் படித்து, பரீட்சையும் பாஸ் பண்ணி, நாற்பது வயதுக்கு மேல் வரி ஆலோசகர் தோக்கோவின் ஆபீசில் பயிற்சி கணக்கனாகச் சேர்ந்த முதல் நாள் இது. மூன்று மாதத்தில் வேலை நிரந்தரமாக வேண்டும். ஆகாவிட்டால் மச்சானின் கடையில் கோழி வெட்டப் போக வேண்டும். சொந்தச் சட்டியை விற்றாயிற்று.

'நான் காலேஜ் படிக்கலை சார்' என்று சொல்லியிருந்தால் கதையே இல்லை. 'படிப்பு முக்கியமில்லை' என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். ஆனால் வாய் என்று ஒன்று இருக்கிறதே.

"தொண்ணூத்தொம்பது சார்."

"எந்தக் காலேஜ்?"

பஸ் போகிற வழியில் மூடிக் கிடக்கும் ஒரு கட்டடம் நினைவுக்கு வந்தது. துருப்பிடித்த போர்டில் இந்த ஓரம் 'மோரான்', அந்த ஓரம் 'கல்லூரி', நடுவில் எழுத்து உதிர்ந்து வெறும் ஆணிகள். மூடிய காலேஜில் போய் யார் விசாரிக்கப் போகிறார்கள்?

"மோரான் காலேஜ்."

பாங் மேனேஜரின் கரண்டி சூப்புக்குள் விழுந்தது.

"அண்ணே! நானும் மோரான்தான்! ரெண்டாயிரத்து ரெண்டு பேட்ச்!"

எழுந்து நின்று இடுப்பு வளையக் குனிந்தார். மன்சூவும் பதறி எழுந்து குனிந்தான். இரண்டு தலையும் நடுவில் முட்டிக்கொண்டன.

"அந்த வாசல் மரம் ஞாபகம் இருக்காண்ணே?"

"மரமா... இருக்குமே." எதற்கும் இருக்கட்டும் என்று, "நான் கிளாசுக்கே அதிகம் போனதில்லப்பா" என்றான்.

"நானுந்தாண்ணே!" என்று கண் கலங்கினார் பாங்.

வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டது அன்றுதான். சீனியரைப் பில் ஒட்டச் சொல்வது பாவம் என்று பெரிய கம்பெனிக் கணக்குகளை மன்சூவின் தலையில் கட்டினார் பாங். தப்பு வந்தாலும் திருத்தமாட்டார். "அண்ணன் போட்டா அதுல ஒரு காரணம் இருக்கும்" என்று அப்படியே முத்திரை குத்திவிடுவார். ஒரு செருப்புக் கம்பெனிக்கு மன்சூ வருமானத்தைச் செலவிலும் செலவை வருமானத்திலும் எழுத, அந்த முதலாளி நேரே ஆபீசுக்கு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இது சரிப்படாது என்று மன்சூ பாங்கைத் தனியாக அழைத்தான்.

"தம்பி, வெளியிலதான் நான் அண்ணன். ஆபீஸ்ல நீங்கதான் மேனேஜர். தப்புப் பண்ணா திட்டுங்க."

"என்ன அடக்கம்! மோரான் ரத்தம்ணே இது!" என்று பாங் மூக்கைச் சிந்தினார். சிந்திய கையோடு முதலாளி தோக்கோவிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

தோக்கோ அறைக்கதவைத் திறந்துகொண்டு வந்தார். முதலாளி அவ்வளவு வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை.

"ஏம்ப்பா, மோரானா? முதல்லயே சொல்லக் கூடாதா? நான் தொண்ணூத்தேழு. மாசக் கடைசியில நம்ம பழைய மாணவர் சங்கத்து விருந்து. அங்க வெச்சே உன் வேலையை நிரந்தரம் பண்ணிடறேன். புதுசா வர்றவன்தான் காலேஜ் பாட்டை ஆரம்பிச்சு வைக்கணும், தெரியுமில்ல?"

"பாட்டா?"

"வருஷா வருஷம் எனக்குத் தொண்டை கட்டிக்குது. பாங்குக்கும் அப்படித்தான்."

வீட்டில் மனைவி மிரான் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"யோவ், வயித்துக்கு இல்லாம பொய் சொன்னவனைப் பார்த்திருக்கேன். கேக்காத படிப்புக்குப் பொய் சொன்ன ஆள் நீ ஒருத்தன்தான். நாளைக்கே போய் உண்மையைச் சொல்லு."

மறுநாள் மன்சூ முதலாளி முன்னால் போய் நின்றான்.

"சார், ஒரு விஷயம்..."

"இரு. உனக்கு முன்னாடி இருந்தவன் என்ன பண்ணான் தெரியுமா? இல்லாத பட்டத்தை இருக்குன்னு சொன்னான். அன்னைக்கே துரத்திட்டேன். கணக்குல தப்பு வரலாம், ஆள்ல பொய் இருக்கக் கூடாது. நீ என்ன சொல்ல வந்தே?"

"காபி போடட்டுமா சார்?"

விருந்து நாள் வந்தது. வழக்கமான கடை லீவு என்பதால் மார்க்கெட் பக்கம் புதிதாக ஒரு பன்றிக்குடல் சூப்புக் கடையைப் பிடித்தார்கள். மன்சூவையும் சேர்த்து சங்கத்தார் மொத்தம் ஏழு ஆண்கள், எல்லோரும் நன்றாகக் குடித்திருந்தார்கள். இரும்புக்கடை வைத்திருந்த ஒருவர், வாசல் மரம் சாய்ந்த கதையைச் சொல்லி அழுதார். அந்த மரம் இன்னும் நிற்பதாகச் சொல்லி இன்னொருவர் அழுதார். இரண்டுக்கும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

"சித்தி, இன்னும் ரெண்டு பாட்டில்!" என்று கடைக்காரம்மாவுக்குக் குரல் கொடுத்துவிட்டு, தோக்கோ மேசையைத் தட்டினார். "பாடுப்பா!"

மன்சூ எழுந்தான். தொண்டை கட்டியிருப்பதாகச் சொல்லலாம், ஆனால் அந்த நோய் ஏற்கெனவே இரண்டு பேருக்கு இருக்கிறது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். எதிரில் மச்சானின் வெட்டுக்கத்தி தெரிந்தது. மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது. வந்த அழுகையோடு, தன் கோழிக்கடை ஸ்பீக்கரில் தினமும் போட்ட விளம்பரப் பாட்டையே இழுத்தான். 'மொறுமொறு' என்று வருகிற இடத்தில் எல்லாம் 'மோரான் மோரான்' என்று போட்டான்.

பிறகு பாங் சேர்ந்து பாடினார். இரும்புக்கடைக்காரர் தோளில் கை போட்டார். இரண்டாம் முறை ஏழு பேரும் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, கோழிப் பாட்டைப் பாடினார்கள்.

தோக்கோ கண்ணைத் துடைத்தார்.

"இதேதான்! ஒரு எழுத்துகூட மாறலை. டேய் மன்சூ, நீ எங்க ஆளுடா. நாளையிலேர்ந்து உன் வேலை நிரந்தரம்!"

எல்லோரும் கோப்பையைத் தூக்கினார்கள். மன்சூவுக்கு உடம்பு லேசானது. குடித்த சோஜு அப்போதுதான் ருசித்தது.

கடைக்காரம்மா பில் எழுத வந்தாள். பாட்டு நடக்கும்போதே அடுப்பங்கரைத் திரைக்குப் பின்னால் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தவள்.

"பில்லு யார் பேருல போட?"

"மோரான் கல்லூரி பழைய மாணவர் சங்கம்" என்றார் தோக்கோ, கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு. "நான் தொண்ணூத்தேழு பேட்ச், சித்தி."

அவள் ஏழு முகத்தையும் வரிசையாகப் பார்த்தாள்.

"நானும் அதே தொண்ணூத்தேழு பேட்ச்தான் தம்பி, உங்களை ஒருநாளும் பார்த்ததில்லையே... அது பொம்பளைங்க காலேஜாச்சே!"