செய்முறைக்கு விலக்கு பெற்ற கீரி

ஒரு காட்டில் பொறியியல் கல்லூரி ஒன்று இருந்தது. காடு என்றால் சிங்கம் வேண்டுமே என்பீர்கள். இருந்தது, தாளாளராக. ஆண்டு விழாவுக்கு வந்து மாலை போட்டுக்கொண்டு போகும்.

மனிதர்கள் பொறியியல் படித்துவிட்டுச் சம்பந்தமே இல்லாத வேலைக்குப் போவார்களே, அந்தப் படிப்பு இல்லை இது. காட்டில் பொறி என்றால் நிஜப் பொறி. வேடர்கள் புதருக்குள் வைத்துவிட்டுப் போகும் இரும்புப் பொறி. அதை எப்படிக் கண்டுபிடிப்பது, சிக்கியவரை எப்படி விடுவிப்பது என்பதுதான் பாடம்.

அங்கே படிக்க வந்தது சுடர்க்கொடி என்ற கீரி. குட்டியாக இருந்தபோது அவளுடைய வலது முன்கால் ஒரு பொறியில் போயிற்று. அன்று சுற்றி நின்று அழுதவர்கள் நிறையப் பேர். திறக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அந்தக் கோபம் அவளுக்கு ஆறவே இல்லை. பொறியைத் தன் கையால் திறக்கத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் வந்தாள்.

கல்லூரி அவளை ஆசையாக வரவேற்றது. வாசல் பலகையில் அவள் படத்தைப் போட்டு, 'இது அனைவருக்குமான கல்லூரி' என்று கீழே எழுதினார்கள். கால் இல்லாத பக்கம் நன்றாகத் தெரியும்படி அவளைத் திரும்பி நிற்கச் சொன்னவர் முதல்வர் கரடி. நல்ல மனிதர் என்று சொல்ல முடியாது, கரடிதானே. ஆனால் நல்ல கரடி.

செய்முறைக்கூடம் மட்டும் பாறை உச்சியில் இருந்தது. கட்டட வேலையைக் குரங்குகளிடம் கொடுத்திருந்தார்கள். படியே தேவையில்லாத கூட்டம் அது. இருந்தாலும் பெரிய மனது பண்ணி, மான் தாவும் உயரத்துக்கு ஒன்றாகச் சில படிகளை வெட்டி வைத்திருந்தது. சுடர்க்கொடி ஏறிப் பார்த்தாள், விழுந்தாள். மறுபடி ஏறினாள், மறுபடி விழுந்தாள். பிறகு முதல்வரைப் பார்க்கப் போனாள்.

"பொறியைக் கொஞ்சம் கீழே கொண்டாந்து வச்சாப் போதும் சார். நான் இங்கேயே செஞ்சு பழகிக்கிறேன்."

முதல்வருக்குக் கண் கலங்கிவிட்டது.

"உன் காலை எடுத்ததே அந்தச் சனியன்தானேம்மா? அதை மறுபடி உன் கண்ணுல காட்டுறதுக்கு எனக்கு மனசு வருமா? உனக்குச் செய்முறையிலேருந்து விலக்கு. மார்க்கு முழுசா வந்துடும், போ."

"எனக்கு மார்க்கு வேண்டாம் சார், பொறிதான் வேணும்."

முதல்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எவ்வளவு தன்னம்பிக்கை பாருங்கள் என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னார்.

விலக்கு என்பது தமிழில் மிகவும் வசதியான சொல். கொடுக்கிறவர் அதைச் சலுகை என்பார். வாங்குகிறவரையே அது மெதுவாக விலக்கிவிடும். சுடர்க்கொடிக்கும் அப்படித்தான் ஆயிற்று. மழையில் வகுப்பறை ஒழுகியதால் வகுப்பும், கூடவே முதல்வர் அறையும் பாறைக்கு மேலே போயின. அவளுக்கு வகுப்பிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். தேர்வும் அங்கேயே நடந்தது, அதற்கும் விலக்கு. புத்தகத்தை மட்டும் ஒரு அணில் மேலிருந்து தூக்கிப் போடும். அவள் கீழே அமர்ந்து படித்தாள். கடைசியில், செய்முறைக்கூடத்துக்குள்ளும் தேர்வறைக்குள்ளும் காலே வைக்காமல் முதல் மாணவியாகத் தேறினாள். இந்த அதிர்ஷ்டம் தங்களுக்கு வாய்க்கவில்லையே என்று நான்கு கால் மாணவர்கள் பொருமினார்கள். பட்டமளிப்பு விழா பாறை மேலே நடந்ததால் அவளுக்குப் பதிலாகப் பதக்கத்தையும் முதல்வரே வாங்கிக்கொண்டார்.

பதக்கத்தை அவளிடம் கொடுப்பதற்காக அவர் புதர் வழியாக நடந்து வந்தபோது, அவருடைய இடது கை ஒரு பொறியில் மாட்டியது.

அவர் போட்ட சத்தத்தில் சுடர்க்கொடி ஓடி வந்தாள். முதல் மாணவியே வந்துவிட்டாள் என்று முதல்வருக்கு உயிர் வந்தது. சீக்கிரம் திறக்கும்படி கெஞ்சினார். அவள் உட்கார்ந்து பொறியைப் பார்த்தாள். அதன் இலக்கணம், வகைகள், படம், பாகங்கள் எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். எதை எங்கே எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது மட்டும் தெரியாது.

"செய்முறையில எனக்கு விலக்கு சார்," என்றாள். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

அவருக்குத் தெரிந்ததையாவது சொல்லும்படி கேட்டாள். தான் நிர்வாகத்துக்கு வந்து வெகு காலமாயிற்று என்றும், பொறியைப் பற்றி இப்போது ஒன்றும் ஞாபகமில்லை என்றும் முதல்வர் முனகினார். யாரையாவது கூப்பிடலாம் என்றால், ஆசிரியர்கள் அத்தனை பேரும் பாறை உச்சியில் 'அனைவருக்கும் கல்வி' கருத்தரங்கில் இருந்தார்கள்.

ஆகவே அவள் முதல் தடவையாக ஒரு பொறியைத் தொட்டாள். இந்தப் பக்கம் அமுக்கிப் பார்த்தாள், முதல்வர் அலறினார். அந்தப் பக்கம் இழுத்துப் பார்த்தாள், இன்னும் அலறினார். தட்டுத் தடுமாறித்தான் விஷயம் புரிந்தது: இரண்டு பக்கத்துச் சுருள்வில்லையும் ஒரே சமயத்தில் அமுக்கினால் பிடி தளரும். ஒரு வில்லின் மேல் முதல்வரையே உட்காரச் சொன்னாள். இன்னொன்றை அவருடைய வலது கையால் அமுக்கச் சொன்னாள். பிடி தளர்ந்ததும் தன் ஒற்றை முன்காலால் இரும்புத் தாடையை இழுத்துத் திறந்தாள்.

பொறியைக் கீழே இறக்கி வைத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் கற்றிருக்க வேண்டிய பாடம். இப்போது கற்று முடிப்பதற்குள் முதல்வரின் கை நசுங்கிப் போயிருந்தது.

முதல்வர் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். என்ன வேண்டுமானாலும் கேள் என்றார்.

"இந்த வருஷம் ஒரு முள்ளம்பன்றி சேருது சார். அதுக்குப் பின்கால் விளங்காது. அதுக்காவது பொறியைக் கீழே கொண்டாந்து வைங்க."

முதல்வர் யோசித்தார். அவர் முகம் தெளிந்தது.

"எதுக்கும்மா? நீ மேலே வராமலேதானே கத்துக்கிட்ட?"

அதற்கு மேல் அவள் பேசியது எதுவும் அவர் காதில் விழவில்லை.

நசுங்கிய கையோடு முதல்வரால் பாறை ஏற முடியவில்லை. மறுநாளே முதல்வர் அறையைக் கீழே மாற்றிவிட்டார்கள். செய்முறைக்கூடம் மேலேயே இருந்தது. மாற்றுத்திறனாளிகள் செய்முறை இல்லாமலே சாதிப்பார்கள் என்பது நிரூபணமாகிவிட்டதால், விலக்கு இனி நிரந்தர விதி என்று அறிவித்தார்கள். முள்ளம்பன்றிக்குச் சேர்ந்த அன்றே எல்லாவற்றிலிருந்தும் விலக்கு கிடைத்தது.

அந்த ஆண்டு விழாவில், தடையற்ற கல்விக்கான விருதைச் சிங்கத்தின் கையால் முதல்வர் பெற்றார். விழா பாறை மேலே நடந்தது. கட்டுப்போட்ட கையோடு இருந்த முதல்வரை நான்கு காட்டெருமைகள் தூக்கிக்கொண்டு போயின. சுடர்க்கொடியின் மன உறுதியைப் பற்றி அவர் நெடுநேரம் உருக்கமாகப் பேசினார். அவளுக்கு விழாவிலிருந்து விலக்கு அளித்திருந்தார்கள்.

நீதி: தடையைத் தாண்டிச் சாதிக்காதீர்கள். தடையைக் கட்டியவருக்கு விருது கொடுத்துவிடுவார்கள்.