சிவப்பு மூட்டையும் வெள்ளை மூட்டையும்

ஒரே விரிகுடாவைச் சுற்றி ஐந்து நாடுகள் இருந்தன. ஐந்தும் வசதியான நாடுகள். ஐந்திலும் மக்களுக்குக் காய்ச்சல் வந்தது, பல் வலித்தது, முழங்கால் தேய்ந்தது. இந்த ஒற்றுமையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவை போட்டி போட்டன.

போட்டிகளில் பெரியது வைத்தியப் போட்டி. ஒவ்வொரு நாடும் அந்த ஆண்டில் வைத்தியத்துக்குச் செலவான வெள்ளியைக் கூட்டி, தலைக்கு இவ்வளவு என்று வகுத்து, ஒரு தலைக்கான பங்கை மட்டும் இரண்டு மூட்டைகளாகக் கட்டிக் கொண்டுவரும். வரிப் பணத்திலிருந்து அரண்மனை கொடுத்தது சிவப்பு மூட்டை. மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்தது வெள்ளை மூட்டை. ஆண்டுத் திருவிழாவில் இரண்டையும் சேர்த்துத் தராசில் வைப்பார்கள். எந்த நாட்டின் தட்டு இறங்குகிறதோ அதற்கு, மருந்தரைக்கும் கல்வம் ஒன்று, தங்கத்தில் செய்தது, பரிசு. பெரிய நாட்டுக்கும் சிறிய நாட்டுக்கும் அநியாயம் நேரக்கூடாது என்பதற்காகத்தான் தலைப்பங்கு. யோசித்துச் செய்த ஏற்பாடு. எத்தனை பேருக்குக் குணமாயிற்று என்பதை வைக்க மட்டும் அந்தத் தராசில் தட்டு இல்லை.

கல்வத்தை எப்போதும் பொன்மேடுதான் வென்றது. எப்படி வென்றது என்பது சுவாரசியமான விஷயம். கடிகாரத்தைப் பிரித்துப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு சக்கரமாகப் பார்க்கலாம்.

பொன்மேட்டில் அரசரை மக்களே தேர்ந்தெடுப்பார்கள். அப்போது அரசராக இருந்தவர் ஏறுமுகர். படைவீரர்களுக்கும் முதியவர்களுக்கும் பரம ஏழைகளுக்கும் அரண்மனையே வைத்தியம் பார்த்தது. கொஞ்சம் பேருக்குத்தான் வைத்தியம் என்றால் சிவப்பு மூட்டை இலேசாக இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. ஏனென்றால் ஏறுமுகரின் முதல் ஆணை, “அரசர் பேரம் பேசுவது கௌரவக் குறைவு” என்றது. மருந்துக்காரர் சொன்ன விலையை அரண்மனை அப்படியே கொடுத்தது. மருந்துக்காரரும் அரசரின் கௌரவம் குறையாதபடி விலை சொன்னார்.

மற்றவர்களுக்கு இரண்டாவது ஆணை. வேலையில் இருப்பவர், வேலை தரும் இடத்தின் வழியாக, ஏதாவது ஒரு காப்பு இல்லத்தில் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். நோய் வந்தால் காப்பு இல்லம் செலவைக் கொடுக்கும். கொடுப்பதற்கு முன் “ஏன்?” என்று கேட்கலாம் என்றது மூன்றாவது ஆணை. கேட்பதற்கென்றே ஒவ்வொரு காப்பு இல்லமும் ஏன்காரர்களை நியமித்தது. அவர்களுக்குப் பதில் சொல்ல வைத்தியர்கள் ஆகையால்காரர்களை நியமித்தார்கள். நாடியைத் தொடாத இந்த இரு தரப்பாரின் சம்பளமும் வைத்தியச் செலவாகவே எழுதப்பட்டது. அவர்கள் எவ்வளவு நேரம் பேசினார்களோ அவ்வளவு வெள்ளை மூட்டை பருத்தது.

திருவிழாத் தராசைக் கையாண்டவள் செண்பகவல்லி என்ற அரண்மனைத் துலாக்காரி. அந்த ஆண்டு அவளுடைய இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. கண்ணை அறுத்துச் சரிசெய்ய வைத்தியர் தயார். காப்பு இல்லத்துக்குப் போனாள்.

“ஏன் அறுவை?” என்றார் ஏன்காரர்.

“பார்வை மங்கிக்கிட்டே போகுதுங்க. தராசு முள்ளே சரியாத் தெரியல.”

“சரியாகத் தெரியவில்லை என்றால், கொஞ்சம் தெரிகிறது. தெரியும் கண்ணுக்கு அறுவை அவசியமில்லை.”

“முழுசாத் தெரியாமப் போயிட்டா?”

“வேலை போய்விடும். வேலை இல்லாதவருக்குக் காப்பு இல்லை. காப்பு இல்லாதவரோடு நான் பேசக்கூடாது.”

வைத்தியரின் ஆகையால்காரர் தொண்டையைச் செருமினார். “ஆகையால், பார்வை போன பிறகு, வேலை போவதற்கு முன்பு, நடுவில் ஒரு பொழுதில் அறுவையைச் செய்துவிடலாம் என்பது எங்கள் தரப்பு.”

“அந்தப் பொழுது ஏன் வர வேண்டும்?”

இருவரும் உற்சாகமாக விவாதித்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்தும் விவாதித்தார்கள். செண்பகவல்லி எழுந்து வெளியே வந்தாள்.

வாசலில் பக்கத்து வீட்டு ஒச்சப்பன் தடியை ஊன்றி நின்றிருந்தான். வண்டிச் சக்கரம் ஏறி முழங்கால் நசுங்கியவன்.

“என்னக்கா, கண்ணைப் பார்த்தாங்களா?”

“எங்க தம்பி? அவங்க ரெண்டு பேரும் ஒருத்தர் வாயை ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருக்காங்க.”

“உனக்காவது ஒரு நாள்ல முடிஞ்சுது. என் முழங்காலுக்கு ஏன் வைத்தியம்னு கேட்டாங்க. நடக்கறதுக்குன்னேன். ஏன் நடக்கணும்னு கேட்டுட்டாங்க.”

திருவிழா வந்தது. கடைசிச் சுற்றில் பொன்மேடும் தாழைநாடும் நேருக்கு நேர். தாழைநாட்டில் நோய் வந்தால் யாராக இருந்தாலும் அரண்மனை வாசலுக்குப் போவார்கள். அதனால் அவர்களுடைய சிவப்பு மூட்டை பெரியது. வெள்ளை மூட்டை ஒரு சுருக்குப்பை அளவு. அதைப் பெரியதன் கழுத்திலேயே கட்டியிருந்தார்கள். பொன்மேட்டின் மூட்டைகள் இரண்டும் பெரியவை, தனித்தனியானவை. திருவிழாவுக்காக மேடைக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

வெள்ளை மேடைமேல் கிடந்த வெள்ளை மூட்டை செண்பகவல்லியின் கண்ணுக்குத் தெரியவில்லை. சிவப்பை மட்டும் தூக்கிப் பொன்மேட்டுத் தட்டில் வைத்தாள். தாழைநாட்டின் மூட்டைகளை எதிர்த் தட்டில் வைத்தாள். ஆட்டம் நிற்பதற்காக இரண்டு தட்டுகளுக்கும் அடியில் கை கொடுத்தாள். இரண்டு கைகளும் ஒரே உயரத்தில் நின்றன.

மைதானத்துக் கூட்டத்திலிருந்து ஒச்சப்பனின் குரல் கேட்டது.

“அக்கா, வெள்ளை மூட்டை கீழேயே கிடக்குது! ஐயா பெரியவங்களே, இதைக் கொஞ்சம் சொல்லுங்க. நாம வரியா குடுத்ததும் அவங்க மொத்தமாச் செலவழிச்சதும் ஒண்ணா இருக்கே. அவங்க எல்லாருக்கும் அதுக்குள்ள வைத்தியம் முடிஞ்சுபோச்சு. அப்ப நாம இந்த வெள்ளை மூட்டையை எதுக்குக் கட்டறோம்?”

நல்ல கேள்விதான். கூட்டம் அரசரைத் திரும்பிப் பார்த்தது. அரசர், அளவை அமைச்சர் வாகைநம்பியைப் பார்த்தார். வாகைநம்பி அங்கேயே ஓர் ஆணை எழுதி வாசித்தார்: “தட்டுகள் சமமாக நின்றதாகச் சொல்பவர்கள் எவரோ, அவர்களுக்குக் கண்நோய் கண்டிருக்கிறது. இது கொள்ளைநோய் என்று மன்னர் இதனால் அறிவிக்கிறார்.”

அரசர் துலாக்காரியிடம் கேட்டார். “நீ என்ன பார்த்தாய்?”

“நான் ஒண்ணும் பார்க்கலீங்க, அரசே.” அது உண்மை. வேலையைக் காப்பாற்றிய உண்மையும்கூட.

“இவள் கண்ணே ஆரோக்கியமான கண்!” என்றார் அரசர். அதை ஒரு பட்டயமாகவே எழுதிக் கொடுத்தார்கள். வெள்ளை மூட்டையும் தட்டில் ஏறியது, கல்வம் பொன்மேட்டுக்கே வந்தது.

மறுநாள் ஏன்காரர் அவள் மனுவைத் திருப்பிக் கொடுத்தார். “அரசரே ஆரோக்கியம் என்று சொன்ன கண்ணுக்கு ஏன் அறுவை?” ஆகையால்காரரிடம் இதற்கு ஓர் ஆகையால் இல்லை.

வாகைநம்பி ஒன்றை மறந்துவிட்டார். பொன்மேட்டில் மிகப் பழைய சட்டம் ஒன்று இருந்தது. கொள்ளைநோய் என்று மன்னர் அறிவித்த நோய்க்கு, யார் வந்தாலும், அரண்மனை வாசலில், கேள்வி கேட்காமல் வைத்தியம் பார்க்க வேண்டும். சட்டத்தை யாரும் நீக்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் நினைவில்லை. ஒச்சப்பனுக்கு யாரோ சொன்னார்கள். அவன் ஊருக்கே சொன்னான்.

அரண்மனை வாசலில் வரிசை தெருமுனை தாண்டியது. வரிசையைப் பார்த்த வழிப்போக்கர்கள் “என்ன நோய்?” என்று விசாரித்தார்கள். நின்றவர்கள் தட்டுகள் நின்ற விதத்தை விளக்கினார்கள். விசாரித்தவர்கள் சற்று யோசித்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள்.

செண்பகவல்லி தூரத்தில் நின்றாள். வரிசையில் நின்று தட்டுகள் சமம் என்று சொன்னால் பட்டயம் போகும், வேலை போகும். சொல்லாவிட்டால் கண் போகும்.

“வாக்கா, எனக்கு முன்னாடி நில்லு,” என்றான் ஒச்சப்பன். “ஒரு வார்த்தைதானே?”

“அந்த ஒரு வார்த்தைக்கு இருக்கறது பூரா போயிரும் தம்பி.”

“அந்தப் பட்டயத்துல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டேன், பார்க்கலாம்.”

அவள் பட்டயத்தை முகத்தருகே கொண்டுபோனாள். வெறும் மஞ்சள் மங்கல். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வரிசையில் நின்றாள். தன் முறை வந்தபோது வைத்தியரிடம் சொன்னாள்:

“நான் பார்க்கலீங்க. ஆனா ரெண்டு தட்டுக்கும் அடியில என் கை இருந்துச்சு. சமமாத்தான் நின்னுச்சு.”

“கண்நோய்,” என்று எழுதினார் வைத்தியர். “உள்ளே போய்ப் படுங்கள்.” ஏன் என்று யாரும் கேட்கவில்லை. புரையை எடுக்க ஆன நேரம், ஏன்காரர் சாப்பிடப் போய் வந்த நேரத்தைவிடக் குறைவு. அவளுடைய வேலை அன்று மாலையே போயிற்று.

அடுத்து வந்த ஒச்சப்பனின் கண்ணைப் பார்த்துவிட்டு, “கண் இருக்கட்டும், முழங்காலில் என்ன?” என்றார் வைத்தியர். வந்த எல்லோருக்கும் கண்ணைத் தவிர வேறு ஏதோ இருந்தது. கொள்ளைநோயாளிக்கு என்ன வைத்தியம் பார்த்தாலும் அது கொள்ளைநோய் வைத்தியம்தான். மருந்துச் செலவைப் பார்த்துப் பயந்துபோன பொருளாளர், அரசருக்குத் தெரியாமல் மருந்துக்காரர்களிடம் பேரம் பேசினார். அவர்கள் பாதி விலைக்கு இறங்கினார்கள். ஏன்காரர்களும் ஆகையால்காரர்களும் தங்களுக்குள் பேசிக்கொள்ளக்கூட விஷயம் இல்லாமல் வீட்டில் இருந்தார்கள்.

அடுத்த திருவிழாவில் பொன்மேட்டின் தட்டு மேலே எழும்பியது. கல்வம் தாழைநாட்டுக்குப் போயிற்று.

நாடு முழுவதும் துக்கம் என்று அறிவித்தார் ஏறுமுகர். தேர்தல் பக்கத்தில் இருந்தது. மைதானத்தில் மேடை ஏறிக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு முழங்கினார்:

“நம் பாட்டனார் காலத்துக் கல்வம்! நம் பெருமை! பழைய ஆணைகளை மீண்டும் கொண்டுவருவோம்! இழந்த கல்வத்தை மீட்போம்!”

கைதட்டல் இடிபோல் எழுந்தது. தன் பக்கத்தில் நின்ற ஒச்சப்பனின் தோளைத் தொட்டாள் செண்பகவல்லி.

“தம்பி, நீ எதுக்குத் தட்டற?”

“என்னக்கா இப்படிக் கேக்கற? கல்வம் நம்மளோடது. தாழைநாட்டுக்காரன் வீட்டுல அது இருக்கலாமா?”

போன ஆண்டு அவனால் கைதட்ட முடிந்திருக்காது. ஒரு கையில் தடி இருந்தது. இப்போது இரண்டு கைகளாலும் தட்டினான். மேடை நன்றாகத் தெரிய வேண்டும் என்று நுனிக்காலில் எம்பி நின்று தட்டினான். செண்பகவல்லி கூட்டத்தைச் சுற்றிலும் பார்த்தாள். வரிசையில் அவளுக்கு முன்னும் பின்னும் நின்றவர்களின் முகங்கள், மைதானத்தின் கடைசிவரை, ஒவ்வொன்றாக, தெளிவாகத் தெரிந்தன.