தள்ளக் கூடாத மேடு

“தள்ளாதீங்கண்ணே!” என்று ஷிபானா கத்தினாள். அதற்குள் நல்லசாமி தள்ளிவிட்டிருந்தார்.

மூன்று சக்கர மலைச்சைக்கிள் முதல் வளைவைத் தாண்டி நின்றது. அதற்குப் பெடல் கைக்குத்தான். நடக்க முடியாத கால்களை நீட்டி உட்கார்ந்திருந்த குருநாதன் பெடலை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“யாருங்க அது?”

“நான்தாங்க சார், வாட்ச்மேன். ரொம்ப மூச்சு வாங்குனீங்க. அதான் லேசா...”

“மூச்சு வாங்கத்தாங்க மதுரையிலருந்து வந்திருக்கேன்.”

பாதையைச் சோதித்துச் சான்று கொடுக்க வந்தவர் அவர். அவர் வைத்திருந்த படிவத்தில் இருபது கேள்விகள். பத்தொன்பதுக்கு ‘ஆம்’ விழுந்துவிட்டது. மிச்சம் ஒன்றுதான்: ‘கால் ஊனம் உள்ள ஒருவர் பிறர் உதவியின்றி முழுப் பாதையையும் கடந்தாரா?’

அதற்கும் ‘ஆம்’ விழுந்தால் கொடைக்கானல் பூங்காவின் இந்த ஒரு கிலோமீட்டர் பாதை திறக்கப்படும். நடப்பவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள், மலைச்சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் ஒரே பாதை. விழாவிட்டால் அந்த இடம் கார் நிறுத்துமிடமாகிவிடும் என்று பூங்கா கமிட்டி சொல்லியிருந்தது. ஷிபானா தாவரவியல் படித்தவள். ஒரு மரத்தைக்கூட வெட்டாமல், ரசமட்டத்தோடு இரண்டு வருடம் குனிந்து நிமிர்ந்து இந்தப் பாதையை வளைத்து வளைத்து மேலே கொண்டுபோயிருந்தாள்.

சிக்கல் பாதையில் இல்லை, ஊரில் இருந்தது. மேட்டில் ஒரு வண்டி திணறினால் பின்னால் போய்க் கை வைப்பது இங்கே பழக்கம். வண்டி யாருடையது என்று தள்ளி முடித்த பிறகுதான் கேட்பார்கள்.

“மறுபடி கீழருந்து வர்றேன்” என்றார் குருநாதன்.

ஷிபானா நல்லசாமியைத் தனியே அழைத்தாள். “அண்ணே, நீங்க கேட்டுக்குப் போயிருங்க. ஒருத்தரையும் உள்ள விடாதீங்க.”

நல்லசாமி கேட்டில் நின்றார். வந்தவர்களைச் சும்மா திருப்பி அனுப்புவது மரியாதையாகப் படவில்லை. காரணத்தையும் சொன்னார். “உள்ள ஒரு சார் கையாலயே மலை ஏறுறாரு. யாரும் தள்ளக் கூடாதாம்.”

பத்தே நிமிடத்தில் பாதையோரம் முப்பது பேர் நின்றார்கள்.

“விடாதீங்கன்னு சொன்னேன்லண்ணே?”

“தள்ளுறவங்கள விடல பாப்பா. இவங்கெல்லாம் பாக்க வந்தவங்க.”

குருநாதன் பாதித் தூரம் ஏறிவிட்டார். கூட்டம் கைதட்டியது. ‘சத்தம் போடாதீங்க’ என்று சைகை காட்ட ஷிபானா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். மறுபடி பார்த்தபோது சைக்கிள் நல்ல வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. குருநாதனின் இரண்டு கைகளும் ஆகாயத்தில் இருந்தன.

சைக்கிளுக்கு முன்னால் கயிறு. கயிற்றுக்கு முன்னால் குதிரை. குதிரைக்குப் பக்கத்தில் ஏரிக்கரையில் குதிரை சவாரி விடும் அப்பாஸ்.

“மாமா! என்ன பண்றீங்க?”

“நான் கை வைக்கலையேம்மா. குதிரைதான இழுக்குது.”

“அவரு வேணாம்னுதான கத்துறாரு!”

“நான் மெதுவாப் போகச் சொல்றாருன்னுல்ல நெனச்சேன்.”

குருநாதன் கயிற்றை அவிழ்த்தார். மறுபடி கீழே போனார்.

கல்லூரியில் வருகைப்பதிவுக்குக்கூட மெதுவாகப் பதில் சொன்னவள் ஷிபானா. இப்போது ஒரு பாறை மேல் ஏறி நின்று கத்தினாள். “எல்லாரும் கையப் பின்னாடி கட்டுங்க! அவரு உச்சிக்குப் போற வரைக்கும் யாரும் அவுக்கக் கூடாது!”

முப்பது பேரும் கட்டிக்கொண்டார்கள். கேட்டருகே அவித்த சோளம் விற்கும் கந்தம்மாளுக்கு மட்டும் கோபம். ஆட்களெல்லாம் உள்ளே போய்விட்டார்களென்று அவளும் பானையோடு உள்ளே வந்திருந்தாள்.

“ஏத்தா, கையக் கட்டச் சொல்லிட்டா எவன் என்கிட்ட சோளம் வாங்குவான்? எம் பொழப்புல்ல கெடக்கு!”

“அஞ்சு நிமிஷம்க்கா. அஞ்சே நிமிஷம்.”

குருநாதன் மூன்றாம் முறையாக ஏறினார். நாலாவது வளைவு. ஆறாவது வளைவு. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஒருவரும் கையை அவிழ்க்கவில்லை. குதிரைகூடச் சும்மா நின்றது. ஷிபானா மிச்சமிருந்த மீட்டர்களை உதட்டுக்குள் எண்ணினாள். ஐம்பது. நாற்பது. இருபது.

உச்சியில் பனிமூட்டத்துக்குள் ஏதோ கறுப்பாக அசைந்தது. பிறகு கொம்புகள் தெரிந்தன.

காட்டுமாடு. ஆயிரம் கிலோவுக்குக் குறையாது. பாதையின் நட்டநடுவில் நின்று எல்லோரையும் பார்த்தது.

கட்டிய கைகளை முதலில் அவிழ்த்தது யார் என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. அடுத்த நொடி எட்டுப் பேர் குருநாதனைச் சைக்கிளோடு தூக்கிவிட்டார்கள். குறுக்கே இருந்த பழைய படிகளில் இறங்கி ஓடினார்கள்.

“இறக்குங்கய்யா! இருபது மீட்டர்தான்யா!”

“உசுரு முக்கியம் சார்!”

டிக்கெட் கொட்டகைக்குள் வந்து இறக்கிய பிறகுதான் ஷிபானா தன் கையைப் பார்த்தாள். முன்சக்கரத்தைப் பிடித்திருந்தது அவள்தான்.

காட்டுமாடு அவசரமே இல்லாமல், ஒரு பின்னங்காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்து, பாதை வழியாகவே இறங்கியது. ஒரு வளைவைக்கூட விடவில்லை. கொட்டகையைக் கடந்து, கேட்டைத் தாண்டிப் போனது. நல்லசாமி அதற்கு வழிவிட்டு, பழக்கத்தில் சல்யூட்டும் வைத்தார்.

குருநாதன் முகத்தைத் துடைத்தார். படிவத்தை மடியில் விரித்தார்.

“பாதையில ஒரு குத்தமும் இல்லம்மா. அருமையாப் போட்டிருக்கீங்க. ஆனா கேள்வி இப்படி இருக்கே. மூணு தடவையும் யாராவது கை வச்சிட்டாங்க. எனக்குக் கையும் ஓஞ்சு போச்சு. இருட்டுறதுக்குள்ள மலை எறங்கணும்.”

பேனா ‘இல்லை’ என்ற கட்டத்துக்கு மேல் வந்து நின்றது. அப்பாஸ் குதிரையின் முகத்தைப் பார்த்துக்கொண்டார்.

“கொஞ்சம் பொறுங்க சார்” என்றாள் கந்தம்மாள், சோளப் பானையை இறக்கிவைத்தபடி. “அந்தக் காட்டுமாட்டுக்குப் பின்னங்கால் ஊனம். படியும் ஏறாது, மத்த மேடும் ஏறாது. இந்தப் பாதை போட்டதுலருந்து தெனமும் நொண்டி நொண்டி உச்சியிலருந்து கேட்டு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போகுது. இன்னைக்கு வரைக்கும் ஒரு பய அதத் தள்ளிவிட்டதில்ல.”