பிணக்குளிர்

"வாசல்லயே நில்லு!" ஓத்திலியா துடைப்பத்தைக் குறுக்கே நீட்டினாள். "நேத்து எந்தச் சாவு வீட்டுக்குப் போனே?"

"சாவு வீடா? கட்டு மாத்த வந்திருக்கேம்மா, ஆஸ்பத்திரியிலேருந்து," என்றாள் நர்ஸ் மிரெயா.

"அங்கேதான் தினம் ஒருத்தர் சாகறாங்களே! பிணக்குளிரை உடம்புல சுமந்துட்டு வந்து என் மருமக புண்ணைச் சீழ் பிடிக்க வைக்கப் பாக்கறியா?"

உள்ளே கட்டிலில் லுஸ் டாரி பல்லைக் கடித்தாள். குடல்வால் ஆபரேஷன் முடிந்து வீடு வந்ததிலிருந்து இதே கூத்து. துக்க வீட்டுக்குப் போனவர் பக்கத்தில் வந்தால் காயம் புரையோடும் என்று மனிசாலெஸ் நகரத்து மலைச்சரிவில் எல்லோருமே நம்பினார்கள். மாமியார் கொஞ்சம் கூடுதலாக நம்பினாள். பார்க்க வந்த அத்தனை பேரும் ஏதோ ஒரு பிணத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களாகவே இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புச் சங்கத் தலைவர் தேர்தல். மேல்தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கொண்டுவருவேன் என்று வீடு வீடாக ஏறியிறங்கியவள் லுஸ் டாரி. வயிற்றுவலியையும் கூடவே கூட்டிக்கொண்டு அலைந்ததில்தான் குடல்வால் வெடித்தது. வேட்பாளர் பெயரை வாசிக்கும்போது ஆள் மண்டபத்தில் இல்லாவிட்டால் பெயரை அடித்துவிட்டு, அங்கே இருப்பவர்களில் ஒருவரை நிறுத்துவார்கள்.

"அத்தை, நான் குளிக்கணும். சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி டாக்டரே சொன்னார்."

"அவர் வயித்தையா கிழிச்சாங்க? தண்ணி பட்டா அவ்வளவுதான்." புண் காயும் என்று ஓத்திலியா காயத்தின் மேல் காப்பித்தூளை அப்பினாள்.

லுஸ் டாரியா அடங்குகிறவள்? மாமியார் கடைக்குப் போனதும் எழுந்து குளித்தாள். மாற்றுத் துணி கிடைக்காமல் ஈரக் கட்டையே இறுக்கிக் கட்டினாள். உள்ளே காப்பித்தூள் ஊறியது. வெற்றியைக் கொண்டாட ஒரு சிகரெட்டும் பிடித்தாள். மறுநாள் காய்ச்சல், காயத்தில் நாற்றம்.

"சொன்னேன்ல? பிணக்குளிர்!" ஓத்திலியா வாசலையே பூட்டிவிட்டாள்.

லுஸ் டாரி போன் போட, மிரெயா கொல்லைச் சன்னல் வழியாக ஏறிக் குதித்தாள். காயத்தைத் திறந்து, சீழை வடித்து, கழுவினாள்.

"குடல்வாலை வெடிக்கவிட்டுட்டு வந்தீங்க. சர்க்கரை வேற. அதுக்கு மேல ஈரக்கட்டு, சிகரெட்டு, காப்பித்தூளு. கிருமிக்கு இதைவிடப் பெரிய விருந்து உண்டா?"

"அப்ப பிணக்குளிர்?"

"அது ஒண்ணுதான் இன்னும் வரலை. நாளைக்கு ஞாயிறுன்னாலும் காலையில ஊசி போட ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆகணும்."

"மண்டபம் அங்கே போற வழியிலதானே இருக்கு?"

"அம்மா தாயே, உங்களுக்குப் புத்தியும் வெடிச்சிருச்சா?"

ஞாயிறு காலை. ஓத்திலியா நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு, "உனக்காக ஜெபம் பண்ணப் போறேன்" என்று வெளியே பூட்டிக்கொண்டு போனாள். லுஸ் டாரி சன்னலில் காலைப் போட்டாள். கீழே நின்ற மிரெயா தலையில் அடித்துக்கொண்டே தாங்கிப் பிடித்தாள்.

"மெதுவா நடங்க! மிச்சத் தையலும் பிரியும்!"

"பிரியட்டும். உள்ளே எடுக்க இன்னொரு குடல்வால் இல்லை."

ஒரு கை வயிற்றில், ஒரு கை மிரெயாவின் தோளில். மேடேறி மண்டபத்தை அடைந்தபோது உள்ளே கைதட்டல் அதிர்ந்துகொண்டிருந்தது. "நான் வந்துட்டேன்!" என்று கதவைத் தள்ளினாள்.

வாசலில் ஓட்டுச்சீட்டுப் பெட்டியோடு நின்ற அபெலார்தோ வாயைப் பிளந்தார்.

"ஐயோ லுஸ் டாரி, நீ நடக்கிறியேம்மா! நீ இனிமே எழுந்திரிக்கவே மாட்டேன்னு சொல்லித்தானே, புதுத் தலைவி ஓத்திலியா அம்மா பதவியேற்புப் பேச்சுல அப்படி அழுதாங்க!"